அண்ணா நகரில் பழைய ஃபிளாட்: அட்வான்ஸுக்கு முன் எதைப் பார்க்கணும்?

கேள்வி:
மரங்கள் அடர்ந்த தெரு. வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய மனை, ஒரு கிரவுண்டு. 1990-களில் கட்டிய ஒரே அளவுள்ள நாலு ஃபிளாட். மேல்தள வீடு விலைக்கு வருது. என்னென்ன சரிபார்க்கணும்?

பதில் 1:
முதல்ல, ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கான்னு பாருங்க. வெறும் ஒதுக்கீட்டு ஆணையும் பவரும் (பொது அதிகாரப் பத்திரம்) கைமாறி வந்திருந்தா வாங்காதீங்க, வங்கிக் கடனும் கிடைக்காது.

அடுத்தது யுடிஎஸ், அதாவது மனையில ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சேர வேண்டிய பிரிக்கப்படாத பங்கு. கிரவுண்டு 2400 சதுர அடி, ஆளுக்கு 600 வரணும். நாலு பத்திரத்திலும் எழுதியிருக்கிற பங்கைக் கூட்டிப் பாருங்க. 2400-க்குக் குறைஞ்சா மிச்சம் பழைய உரிமையாளர் பேர்லயே நிக்குது. நாளைக்கு இடிச்சுக் கட்டும்போது அவரோட வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடணும். பழைய ஃபிளாட்ல விலை போறது மண்ணுதான், சுவர் இல்லை.

பதில் 2:
வில்லங்கச் சான்று (சொத்து மேல பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டுறது) 30 வருஷத்துக்குப் போடுங்க. அது சுத்தமா வந்தாலும் அசல் பத்திரத்தைக் கண்ணால பார்க்காம டோக்கன் கொடுக்காதீங்க. ஜெராக்ஸ் மட்டும் காட்டினா, அசல் எங்கயாவது அடமானத்துல இருக்கலாம்.

பதில் 3:
மரத்தையும் பாருங்க. தூங்குமூஞ்சி வேர் பழைய பீங்கான் சாக்கடைக் குழாயின் இணைப்பு வழியா உள்ளே போகும். சேம்பர் (சாக்கடைத் தொட்டி) மூடியைத் திறக்கச் சொல்லுங்க. முடிக்கொத்து மாதிரி வேர் தெரிஞ்சா, பிவிசி குழாய் மாத்துற செலவை விலையில கழிக்கணும். மொட்டை மாடியில சருகு மழைநீர்க் குழாய் வாயை அடைச்சா தண்ணி தேங்கி உங்க சீலிங்லதான் ஓதம் வரும். தெரு மரத்தை அனுமதி இல்லாம வெட்ட முடியாது.