சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் கட்டவில்லை: பொறுத்திருப்பதா, விலகுவதா?

கேள்வி
கோவையில் ஏறத்தாழ அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஆறு ஆண்டு எட்டு மாதங்களாகப் பணியாற்றுகிறேன். முதலாளியான பெரியவர் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இப்போது மகன்கள் இருவரும் ஆளுக்கோர் உத்தரவு போடுகிறார்கள். மூத்தவர் ஃபவுண்டரிக்கு (வார்ப்படப் பட்டறைக்கு) ஆர்டர் கொடுக்கச் சொல்வார். இளையவர் அதற்கான பணத்தை நிறுத்திவிடுவார். வார்ப்படம் வராமல் அசெம்பிளி நின்றுபோனால் இருவரும் என்னிடமே விளக்கம் கேட்பார்கள். ஓராண்டாகச் சம்பளம் 20ஆம் தேதியைத் தாண்டித்தான் வருகிறது. சென்ற வாரம் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தபோது, சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடித்தம் காட்டியிருந்தும் ஐந்து மாதங்களாக ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை என்று தெரிந்தது. இப்போது விலகினால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போய்விடுமோ என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1
ஐயா, நான் சம்பளக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். ஐந்து ஆண்டுத் தொடர்பணி முடித்தவர் தாமே ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி பெற உரிமை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகவே கொள்ளப்படுவதால் உங்களுக்கு ஏழு ஆண்டுக் கணக்கு வரும். பி.எஃப். செய்திதான் எனக்குக் கவலையளிக்கிறது. உங்களிடம் பிடித்த 12 சதவீதத்தைத் தம் பங்கோடு சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும்; பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி. சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். வருமான வரி பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்திலும் பாருங்கள்.

மறுமொழி 2
நானும் கொள்முதலில் இருந்தவன் என்பதால், பணத்தைவிடப் பெரிதாக எனக்குப்படும் இழப்பு ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் இருந்த இடத்தில் முதலாளி பணம் தரமாட்டார் என்று தெரிந்தும், “செவ்வாய்க்கிழமை செக் வந்துவிடும்” என்று சப்ளையர்களிடம் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் நம்பியது நிறுவனத்தை அல்ல, என் வாயை. பிறகு நல்ல கம்பெனி ஒன்றில் சேர்ந்து, பழைய ஃபவுண்டரிக்காரர் ஒருவரிடம் முப்பது நாள் கடன் கேட்டபோது, “நீங்கள் கேட்டால் ரொக்கத்துக்குத்தான் சரக்கு” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தப் பாக்கியில் ஒரு ரூபாய்கூட என்னுடையதல்ல. ஆனால் வாக்குக் கொடுத்தவன் நான். ஆகவே இருக்கும்வரை நீங்கள் அறிந்த உண்மையை மட்டுமே சப்ளையர்களிடம் சொல்லுங்கள், முதலாளிகளின் முரண்பட்ட உத்தரவுகளை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3
வேறு வேலை கையில் வரும்வரை ராஜினாமா வேண்டாம். ஆனால் தேடுவதை இன்றே தொடங்குங்கள். திறமையானவர்கள் முதலில் போய்விடுவார்கள், அவர்கள் வேலையும் உங்கள் தலையில் விழும், அப்போது நேர்காணலுக்குப் போகக்கூட விடுப்புக் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. இன்று இரவே சம்பளச் சீட்டுகளை எடுத்து வைக்கிறேன். அசெம்பிளியில் இருக்கும் பதினைந்து பேருக்குப் பாஸ்புக் பார்க்கவே தெரியாது. நாளை மதிய இடைவேளையில் அவரவர் யு.ஏ.என். என்னும் பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் போட்டுக் காட்டிவிட்டு, அவர்களையும் சேர்த்தே புகார் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.