'பெரம்பூர் வீடு' குடும்பச் சாட் குழுவில் தாத்தா கிடார்

ஜெனி: பரணில் தாத்தாவின் கிடார் கிடைத்தது. படம் போட்டிருக்கிறேன். 2023 மிக்ஜாம் மழையில் ஓடு ஒழுகியதே, அந்தத் தண்ணீர் உறைக்குள் இறங்கியிருக்கிறது போல.

ராபின்: மேல்பலகை வயிறு மாதிரி உப்பி, முதுகு பிளந்து கிடக்கிறது. புதுசு வாங்கிவிடலாம் அக்கா.

மேரி அத்தை: வாயை மூடுடா. டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது மழை வந்தால் அப்பா சட்டையைக் கழற்றி அதற்குத்தான் போர்த்துவார். நாங்கள் நனைந்துகொண்டே வருவோம்.

அந்தோணி சித்தப்பா: ஜெனி, கம்பி இன்னும் முறுக்கியே இருக்கிறதா? முதலில் ஆறையும் தளர்த்து. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்தால் சுமார் 70 கிலோ இழுக்கும். பசை விட்ட மரம் அதைத் தாங்காது.

ராபின்: 70 கிலோவா! என் எடையை விட அதிகம்.

மேரி அத்தை: உன் எடையா? போன மாதக் கல்யாணத்தில் பார்த்தேனே.

ஜெனி: தளர்த்திவிட்டேன் சித்தப்பா. கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் தூக்கியிருக்கிறது, ஏடிஎம் கார்டு உள்ளே போகிறது. யாரோ அதில் இரண்டு மரத்திருகு வேறு முடுக்கியிருக்கிறார்கள்.

அந்தோணி சித்தப்பா: அது ஒரு கடைக்காரன் செய்த வேலை. அப்பவே அப்பா திட்டினார். சரி, நடு ஓட்டையின் விளிம்பைக் கிட்டத்தில் படம் எடு. மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் இறங்கினால் முழுப் பலகை. அடுக்கு தெரிந்தால் பிளைவுட்.

ஜெனி: (படம்) ரேகை இறங்குகிறது. முதுகு மட்டும் அடுக்கடுக்காக, நமத்த அப்பளம் போலப் பிரிந்திருக்கிறது.

அந்தோணி சித்தப்பா: அப்படியானால் எறியக் கூடாது. சத்தம் பெரும்பாலும் மேல்பலகையில்தான் இருக்கிறது. தேவராஜ் அண்ணே, கொஞ்சம் பாருங்கள்.

தேவராஜ் மாமா: பார்த்தேன். கண் சரியில்லை, போனில் பேசித்தான் எழுத்தாகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ரயில் பெட்டி வேலை நடக்கும் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்த காலமெல்லாம் எனக்கு மரவேலைதான். கிடார் அதைவிட மெல்லிசு, ஆனால் மரத்தின் குணம் ஒன்றே. வெயிலில் வைக்காதே, இன்னும் பிளக்கும். நிழலில், காற்றோட்டமாக, சில வாரம் கிடக்கட்டும். அப்புறம் சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வைத்து உள்ளே பார். குறுக்குக் கட்டைகளில் எது கழன்றிருக்கிறது? விரல் முட்டியால் மேலே தட்டினால் கழன்ற இடம் கடகடக்கும். மாவு கொட்டினால் சொல், உளுத்திருந்தால் முதலில் பூச்சி மருந்து.

ஜெனி: நடுக்கட்டை கடகடக்கிறது மாமா. மாவு இல்லை.

தேவராஜ் மாமா: நல்லது. மேலே உள்ள வெடிப்புக்கு உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டு, ரேகைக்குக் குறுக்காக ஒட்ட வேண்டும். ஒட்ட வஜ்ரம்தான், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்குவேன். கொதித்தால் பிடிப்பு போய்விடும். பின்னால் எவனாவது பிரிக்க வேண்டி வந்தாலும் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை காய்ந்தால் அதன் மேல் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, சுரண்டியே கை வலிக்கும்.

ராபின்: கழுத்தும் வளைந்திருக்கிறதே மாமா. ஸ்கேலைக் கழுத்தின் ஃப்ரெட் கம்பிகள் மேல் வைத்தால் முனை பிரிட்ஜில் இடிக்கிறது.

தேவராஜ் மாமா: வயிறு உப்பினால் பிரிட்ஜ் மேலே ஏறும், அதனால் இடிக்கும். வயிறு இறங்கிய பிறகு பார்த்தால்தான் கழுத்தின் குற்றமா என்று தெரியும். அப்பவும் இடித்தால், கழுத்தை உடம்போடு சேர்க்கும் டவ்டெயில் பூட்டில் ஆவி விட்டுக் கழற்றலாம். குக்கரில் விசிலை எடுத்துவிட்டு ரப்பர் குழாய் மாட்டினால் போதும்.

மேரி அத்தை: என் குக்கரை யாரும் தொடக் கூடாது.

அந்தோணி சித்தப்பா: காயலாங்கடையில் ஒரு பழைய குக்கர் வாங்கிக்கொள்ளலாம் மேரி. அண்ணே, திருகு ஓட்டைகளை என்ன செய்வது?

தேவராஜ் மாமா: அதே ஜாதி மரத்தில் முளை செதுக்கி அடைக்கலாம். தழும்பு தெரியும், தெரியட்டும். பிரிட்ஜைச் சூடான கத்தியால் மெதுவாக எடுப்பேன், நெம்பினால் மேல்பலகையின் நாரும் கூடவே வரும்.

ராபின்: கடைசியில் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடலாமா?

தேவராஜ் மாமா: வேண்டாம் தம்பி. கனமாக அடித்தால் பலகை அதிராது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். வெள்ளை படிந்த இடத்தை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெனி: அப்புறம் ஸ்டீல் கம்பியே போடலாமா மாமா?

அந்தோணி சித்தப்பா: ஸ்டீலிலேயே மெல்லிசான எக்ஸ்ட்ரா லைட் கம்பி போடு. சுருதியையும் அரைக் கட்டை இறக்கி வை. பழைய மரத்துக்கு அது போதும்.

மேரி அத்தை: இந்த டிசம்பருக்குள் முடியுமா அண்ணே?

தேவராஜ் மாமா: ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஒட்டி முடிக்கணும், ஈரக்காற்றில் வஜ்ரம் லேசில் காயாது. முதுகை மூடிக் கட்ட பழைய சைக்கிள் டியூப் நாலைந்து வேண்டும், நீளவாக்கில் கிழித்தது. கிளாம்ப் பலகையில் பள்ளம் போடும், ரப்பர் போடாது.

மேரி அத்தை: ராபின், சைக்கிள் கடை உன் வீட்டு எதிரில்தானே?

ராபின்: சரி சரி, சாயங்காலம் வாங்கி வருகிறேன். பஞ்சர் டியூப் என்றால் சும்மாவே தருவார்.