டாரன்டுலா சுணை கண்ணில் பட்டால்? தொட்டி சுத்தம் செய்ய மூக்குக்கண்ணாடி போதுமா?

கூட்டுக்காரன்:

வணக்கம். சிலி ரோஸ் டாரன்டுலா, வளர்ந்த பெண் சிலந்தி, 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி. அடி மண்ணை முழுக்க மாற்ற வேண்டும். மூடியைத் திறந்தாலே பின்காலைத் தூக்கி வயிற்றின் மேல்புறத்தைப் பரபரவென்று தேய்க்கிறது. அங்கே வழுக்கைத் திட்டும் விழுந்திருக்கிறது. அப்படி உதிர்க்கிற சுணை, அதாவது நுண்ணிய முள்முடி, கையில் பட்டால் அரிக்கும் என்பது தெரியும். கண்ணில் பட்டால்? வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் "கண் பத்திரம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகின்றன. சாதாரண மூக்குக்கண்ணாடி போதுமா, பட்டுவிட்டால் உடனே என்ன செய்வது, கண் டாக்டரிடம் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எட்டுக்கால்:

போதாது. மூக்குக்கண்ணாடி நேரே வருவதைத்தான் தடுக்கும். சுணை தூசு மாதிரி மிதந்து வந்து, நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்தில் இறங்கும்.

இந்தச் சுணை அமெரிக்கக் கண்டங்களின் டாரன்டுலாக்களிடம் மட்டும்தான் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா என்ற டாரன்டுலாவுக்குக் கிடையாது. அதற்கு நஞ்சும் வேகமும்தான் ஆயுதம். அமெரிக்க வகைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. 1972இல் குக், ராத், மில்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சுணையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பிறகு பட்டியல் ஏழு வரை நீண்டது. அவிக்குலேரியா என்ற டாரன்டுலாவிடம் இருப்பது இரண்டாம் வகை, பெரும்பாலும் தொட்டால்தான் ஏறும். எஃபெபோபஸ் ஒரு விசித்திரப் பிறவி: வயிற்றை விட்டுவிட்டு, வாயருகே உள்ள உணர்கால்களிலிருந்து உதறும்.

கண்ணுக்குப் பெரிய பகை மூன்றாம் வகை. 0.3 முதல் 1.2 மி.மீ. நீளம், கூர்முனை, உடல் நெடுக முட்கள். மனிதத் தோலில் 2 மி.மீ. வரை இறங்கக்கூடியது. கருவிழியின் (கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம், கார்னியா) நடுப்பகுதித் தடிமனோ சுமார் அரை மி.மீ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தெரபோசா, லசியோடோரா, அகாந்தோஸ்குரியா, நந்து, பிராகிபெல்மா என்ற டாரன்டுலாக்கள் எல்லாரிடமும் இது உண்டு. உங்கள் சிலி ரோஸிடம் மூன்றாம், நான்காம் வகைகள் இரண்டும் இருக்கின்றன. "ரோஸ் சாது" என்பது கடிக்கிற விஷயத்தில்தான். உதறுகிற விஷயத்தில் அந்தப் பேரை நம்பி முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். சிலந்தியை ஒரு டப்பாவில் அடைத்தவுடன் ஆபத்து முடிந்தது என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். சுணை மண்ணில், வலையில், தண்ணீர்க் கிண்ண விளிம்பில், மூடியின் உட்புறத்தில், உரித்துப்போட்ட சட்டையில் எல்லாம் ஒட்டியிருக்கிறது. சில இனங்கள் சட்டை உரிக்கும் முன் பின்னுகிற விரிப்பிலும், முட்டைப்பையிலும் வேண்டுமென்றே சுணையைப் பதித்து வைக்கும். சுணை, பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் கைட்டினால் ஆனது, சீக்கிரம் மக்காது. சிலந்தி செத்துப்போன பழைய தொட்டியையும் இதே கவனத்தோடுதான் தொட வேண்டும்.

மண் மாற்றும்போது: மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். ரசாயன ஆய்வகத்தில் போடும் வகை காகிள்ஸ் வாங்குங்கள். விளிம்பு முகத்தோடு சுற்றிலும் ஒட்ட வேண்டும், காற்றுத் துளை நேராக இல்லாமல் மறைவாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு நீச்சல் கண்ணாடிகூட மூக்குக்கண்ணாடியை விட மேல். என்95 முகக்கவசம், நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை. தொட்டியை இடுப்பு உயரத்தில் வைத்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். தொட்டிக்கு நேர்மேலே தலையை நீட்டவே கூடாது.

சிலந்தியின் மேல் ஒளி ஊடுருவும் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, அப்படியே வெளியே எடுங்கள். கையாலோ தூரிகையாலோ பின்னாலிருந்து வயிற்றைத் தள்ளுவதுதான் உதறலைக் கூப்பிட்டு வாங்கும் வழி. பின்காலைத் தூக்கிவிட்டால் மூடியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். சிலந்தி போன பிறகு மண்ணின் மேல் தண்ணீரை நன்றாகத் தெளித்து நனையுங்கள். நனைந்த சுணை எழும்பாது. உலர்ந்த மண்ணைக் கரண்டியால் கிளறினால் கண்ணுக்குத் தெரியாத மேகம்தான் கிளம்பும். நனைந்த மண்ணைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றாதீர்கள். தொட்டியின் சுவர்களை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். ஹெப்பா வடிகட்டி (நுண்தூசியையும் பிடிப்பது) இல்லாத வேக்குவம் கிளீனர் முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதும், வேண்டாம்.

கழற்றும் வரிசையும் முக்கியம்: கையுறை, கை கழுவல், பிறகு காகிள்ஸ், கடைசியில் முகக்கவசம். நெற்றி வியர்வையைச் சட்டைக்கையால் துடைக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள். சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

விழித்திரை:

எட்டுக்கால் தொட்டியைச் சொல்லிவிட்டார், நான் கண்ணைச் சொல்கிறேன்.

கண்ணில் விழுந்த மணல் ஒரே இடத்தில் உறுத்தும், கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். சுணை அப்படியல்ல. முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னால் போகும், பின்னால் வராது. கண் இமைப்பது, விழி சுழல்வது, தேய்ப்பது எல்லாமே அதை உள்ளே தள்ளும் சுத்தியல் அடிகள். வைக்கோல் போரில் நெற்கதிர் சட்டைக்குள் ஏறுமே, அதே வேலை.

ஆகவே முதல் விதி: தேய்க்காதீர்கள். இரண்டாவது, கண்ணைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் இருக்கும் சுணையை நீங்களே கண்ணில் நட்டுவிடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றி எறியுங்கள், கழுவி மறுபடி போடாதீர்கள். தலையைச் சாய்த்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு வைத்து, 0.9% சலைன் அல்லது சுத்தமான குடிநீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக 15 நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதுதான் வழிகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகாது. இது ஒட்டாமல் கிடக்கும் சுணையை மட்டும்தான் கழுவும், குத்தி நிற்பதை எடுக்காது. அதனால் கழுவியதும் எரிச்சல் குறைந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே கண் டாக்டரிடம் போங்கள். பஞ்சு, இடுக்கி, செலோடேப் எதுவும் கண்ணருகே வரக் கூடாது. கண்ணைக் கட்டி அழுத்தி மூடவும் வேண்டாம்.

டாக்டரிடம் "கண் சிவந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் "மெட்ராஸ் ஐ" என்று ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் லீட்ஸில் 2009இல் நடந்தது இதுதான், லான்செட் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சிலி ரோஸ் வளர்த்தவர் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது சிலந்தி முகத்தில் உதறியது. கண் 3 வாரம் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் கூசியது. ஆன்டிபயாடிக் பலிக்கவில்லை. ஸ்லிட் லேம்பில் (கண் டாக்டரின் விளக்கோடு கூடிய நுண்ணோக்கி) அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தபோதுதான் கருவிழிக்குள் மெல்லிய இழைகள் தெரிந்தன. நுண் இடுக்கியாலும் எடுக்க முடியாத அளவுக்குச் சிறியவை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான் அழற்சி தணிந்தது.

எனவே சொல்ல வேண்டிய வாக்கியம்: "டாரன்டுலாவின் முள்முடி கண்ணில் பட்டது, ஸ்லிட் லேம்பில் அதிக உருப்பெருக்கத்தில் பாருங்கள், மேல் இமையைப் புரட்டிப் பாருங்கள்." மேல் இமையின் உட்புறம் சுணைக்குப் பிடித்த மறைவிடம். ஃபுளோரசின் சாயம் விட்டால், இமைக்கும்போது அது கருவிழியில் கீறிய செங்குத்துக் கோடுகள் பச்சையாகத் தெரியும். கண்மணியை விரியவைத்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கு ஆப்தால்மியா நோடோசா என்று பெயர். கம்பளிப்பூச்சிச் சுணையால் வருவதற்கு வைத்த பெயர், டாரன்டுலாவுக்கும் அதுவே. 1984இல் கடேரா குழுவினர் ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: உடனடி வீக்கம், வெண்படலத்தில் தங்கி உறுத்துவது, சுணையைச் சுற்றி மஞ்சள்சாம்பல் முடிச்சுகள், கண்ணின் உள்ளே ஐரிஸ் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்) அழற்சி, கடைசியாகக் கண்ணின் பின்பகுதி, விழித்திரை வரை போவது. ஐந்தாவது அரிது, ஆனால் பார்வை போகும் வகை அதுதான்.

மேலாக நிற்பதை டாக்டர் நுண் இடுக்கியால் எடுப்பார். ஆழத்தில் இருப்பதைத் தோண்டினால் உடையும், கருவிழியில் தழும்பு விழும். அதனால் அமைதியாக இருக்கும் சுணையை விட்டுவிட்டு, அழற்சியை மட்டும் ஸ்டீராய்டால் அடக்குவது வழக்கம். மாதக்கணக்கில் ஆகலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களே சட்டென்று நிறுத்தினால் மறுபடி கிளம்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

முருங்கைமரம்:

எங்கள் ஊரில் கம்பளிப்பூச்சி சுணை கண்ணில் விழுந்தால் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெயும் விடுவார்கள். இதுக்கு அது ஆகாதா? இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் டெக்ஸாமெத்தசோன் சொட்டு வாங்கி விட்டால் என்ன? கடைசியில் டாக்டரும் ஸ்டீராய்டுதானே தரப்போகிறார்.

விழித்திரை:

பாலும் எண்ணெயும் முள்ளைக் கரைக்காது. கிருமியைக் கொண்டுவரும், டாக்டர் பார்க்கும்போது படலம் போட்டு மறைக்கும். ஸ்டீராய்டு விஷயம் இன்னும் மோசம். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால் அந்தச் சொட்டு கருவிழியைத் தின்றுவிடும். மண்ணும் ஈரமும் கிளறிய கை என்பதால் பூஞ்சையை ஒதுக்கவே முடியாது. பார்த்த பிறகு டாக்டர் தருவதும் பார்க்காமல் நீங்கள் விடுவதும் ஒன்றல்ல.

கூட்டுக்காரன்:

மிக்க நன்றி. ஒன்று மட்டும்: உரித்த சட்டையை வைத்து ஆணா பெண்ணா என்று பார்ப்பார்களே, உலர்ந்த சட்டையை விரித்தால் சுணை பறக்காதா?

எட்டுக்கால்:

பறக்கும். சட்டையின் வயிற்றுப் பகுதியில் மேல்தோலோடு சுணையும் அப்படியே வந்திருக்கும். உலர்ந்த நிலையில் தொடவே வேண்டாம். நீண்ட இடுக்கியால் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீருக்கு மேலேயே மிதக்கும். ஊறியதும் வயிற்றுத் தோலைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, உட்புறத்தில் முதல் ஜோடிப் புத்தக நுரையீரல்களுக்கு (சிலந்தியின் மூச்சு உறுப்புகள்) நடுவே பாருங்கள். பெண்ணாக இருந்தால் அங்கே விந்துப்பை மடல் நிற்கும். காகிள்ஸ் அப்போதும் முகத்தில் இருக்கட்டும். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் கழிவறையில் ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.