எத்னிக் ஸ்டடீஸ் மைனர் எடுக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் உயிரியல் படிக்கிறேன், அடுத்து மருத்துவம். எத்னிக் ஸ்டடீஸை (அமெரிக்கச் சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் வாழ்வும் பற்றிய படிப்பு) மைனராக, அதாவது துணைப் பாடமாக, எடுக்க ஆசை. வேலைக்கு உதவாது என்கிறார் அப்பா. எடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: தாராளமாக எடுங்கள். 1968-இல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய படிப்பு இது. நம்மவர்கள் கதையும் அதில் உண்டு: குடியுரிமை கேட்ட இந்தியரான பகத் சிங் திண்ட் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்தார்கள்.

பதில் 2: மருத்துவம் என்றால் கட்டாயம் எடுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு எண்ணால் பெருக்கி வந்தார்கள்; அதனால் அவர்கள் சிறுநீரகம் உண்மையைவிட நன்றாக இயங்குவதாகத் தெரிந்தது. அதை நீக்கச் சொன்னதே 2021-இல்தான். அதற்குள் எத்தனை பேருக்கு மாற்றுச் சிறுநீரகம் தள்ளிப்போனது!

பதில் 3: நீங்கள் படிப்பது கால் ஸ்டேட்டிலா (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்)? அங்கே இதில் ஒரு பாடம் எப்படியும் கட்டாயம். அது மைனருக்கும் சேருமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.