இடுப்பில் பிஸ்டல்: உறை, சேம்பர், அவசரப் பை – சில சந்தேகங்கள்

மருதன் கேட்டது:

வணக்கம். தற்காப்புக்காக 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று, முறையான உரிமத்தோடு. ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைத் தாக்கி வெடிக்க வைக்கும் ஊசி) வகை, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) தோட்டாவோடு இடுப்பில் வைப்பதா, காலியாக வைப்பதா? எந்த மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறை போதுமா? வீட்டில் ஓர் அவசரப் பையும் தயார் செய்கிறேன். அதில் கூடுதலாக எத்தனை மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) வைக்கலாம்?

வில்லவன்:

முதலில் உறையைப் பார்ப்போம். சேம்பர் கேள்விக்கு விடை அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

விசையை (ட்ரிக்கர்) இழுக்காத வரை ஸ்ட்ரைக்கர் முன்னே பாயாதபடி இந்த வகை பிஸ்டலுக்குள் தடுப்புகள் உண்டு. ஆனால் விசையை எது இழுத்தாலும் வெடிக்கும்: விரல், சட்டை நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு, எதுவானாலும். ஆகவே விசையையும் அதன் காப்பு வளையத்தையும் முழுக்க மூடுவதுதான் உறையின் முதல் வேலை. துணி உறை அதைச் செய்யாது. வெளியிலிருந்து அழுத்தினால் துணியோடு சேர்ந்து விசையும் நகரும். பிஸ்டலை எடுத்ததும் உறையின் வாய் சுருங்கிவிடும். திரும்ப வைக்க மறு கையால் வாயை விரிக்க வேண்டும், அப்போது அந்தக் கை குழலுக்கு நேரே வந்துவிடும். நாள்பட்டு இளகிய தோல் உறையிலும் ஆபத்து உண்டு: வாய் ஓரம் உள்ளே மடிந்து விசைமேல் ஏறும்.

உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) உறை வாங்குங்கள். பிஸ்டலைக் காலி செய்து, இரண்டு தடவை சரிபார்த்து, உறையில் வைத்து, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக்கூடாது. விசை இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே எதுவும் அசையக்கூடாது. பெல்ட்டும் விறைப்பாக, சுமார் 38 மி.மீ. அகலத்தில் இருக்கட்டும். தொளதொள பெல்ட்டில் பிடி வெளியே சாயும், இழுக்கும்போது உறையும் கூடவே வரும்.

எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். விரல் விசையை விட்டு விலகி, பிஸ்டலின் சட்டகத்தின்மேல் நேராக இருக்கட்டும். மறு கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்குங்கள். உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள். வயிற்றுப் பக்கம் வைப்பவர் இடுப்பை முன்னே தள்ளி மேலுடலைப் பின்னே சாய்க்க வேண்டும். குழல் தொடையை விட்டு விலகும். மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தட்டினால் அழுத்தவே வேண்டாம், வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள். அதைவிட நல்லது, காலையில் பிஸ்டலை உறைக்குள் வைத்துவிட்டு, உறையோடு இடுப்பில் மாட்டுவது. வேகமாகத் திரும்ப வைக்க வேண்டிய தேவை எந்தச் சூழ்நிலையிலும் இல்லை.

இப்போது சேம்பர். காலியாக இருந்தால், தோட்டாவை ஏற்ற ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுக்க இரண்டு கையும் வேண்டும். ஆபத்து நேரத்தில் ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கலாம், தாக்குபவரைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதனால் சேம்பரில் தோட்டா இருப்பதையே நான் சொல்வேன். ஆனால் சரியான உறை கையில் வந்து, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவோடு எடுப்பதும் வைப்பதும் உடம்பில் ஊறிய பிறகுதான். அதுவரை காலியாகவே இருக்கட்டும்.

நாச்சியார்:

வில்லவன் சொன்னதோடு ஒன்று. தினமும் இரவு தோட்டாவை எடுத்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் ஏற்றாதீர்கள். ஸ்லைடு ஒவ்வொரு முறை தள்ளும்போதும் குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சாய்தளத்தில் மோதி, பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறையும், வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். அதே பெட்டியின் புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாகிவிட்டால் சுடாமல் ஒதுக்குங்கள். இரவில் பிஸ்டலை உறையோடு அப்படியே பூட்டுப் பெட்டியில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது. பெட்டி பூட்டியே இருக்க வேண்டும், வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தற்காப்புக்கு, உடலில் பட்டதும் விரியும் குண்டுதான். முழு உலோக உறையிட்ட குண்டு ஆளைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவர்மேல் பாயும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அளவுகோலின்படி, உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் பரிசோதனை ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை இறங்கும் குண்டே ஏற்றது. தேர்ந்தெடுத்த தோட்டாவை உங்கள் பிஸ்டலில், உங்கள் மேகசின்களில், 100 முதல் 200 வரை சுட்டுப் பாருங்கள். விரியும் குண்டின் மூக்கு அகலமானது. சில பிஸ்டல்களில் அது சாய்தளத்தில் இடித்து நிற்கும்.

மருதன்:

நன்றி, துணி உறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மேகசினை எப்போதும் நிரப்பியே வைத்தால் சுருள்வில் தளர்ந்துவிடுமா? வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்யலாமா?

வில்லவன்:

நல்ல மேகசினின் சுருள்வில் அழுந்தி இருப்பதால் பெரிதாகத் தளராது. திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதால்தான் தேயும். கோளாறு அதிகம் வருவது மேகசின் வாயின் உதடு வளைவதாலும் உள்ளே சேர்ந்த தூசியாலும். ஒவ்வொரு மேகசின் அடியிலும் ஓர் எண் எழுதுங்கள். சிக்கல் ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

விசையை இழுத்தும் சுடவில்லை என்றால் மேகசின் அடியைத் தட்டி, ஸ்லைடை முழுக்க இழுத்து விடுங்கள். இரண்டு தோட்டா ஒன்றாகச் சிக்கினால் தட்டிப் பயனில்லை: ஸ்லைடைப் பின்னே பூட்டி, மேகசினை உருவி, ஸ்லைடை இரண்டு மூன்று தடவை இழுத்துக் காலி செய்து, புது மேகசின் போடுங்கள். சத்தமும் உதைப்பும் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

வீட்டுப் பயிற்சி தாராளமாகச் செய்யலாம். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். குண்டைத் தாங்கக்கூடிய சுவரை மட்டும் குறி பாருங்கள். முடிந்ததென்றால் முடிந்ததுதான், தோட்டா போட்ட பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நினைக்கிற அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

செங்காந்தள்:

அவசரப் பை பற்றி யாரும் சொல்லவில்லை. மேகசின் எண்ணிக்கையைக் கடைசியில் யோசியுங்கள், ஒன்று போதும். இரத்தப்போக்கு, தீ, குடிநீர் இல்லாமை ஆகியவை துப்பாக்கி தேவைப்படும் நிலைமையைவிட எவ்வளவோ அடிக்கடி வருகின்றன. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது, குண்டு பட்டவரைக் காப்பாற்றத் தேவையான பொருட்கள்.

டூர்னிகே பட்டை இரண்டு. கை, காலில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டை விட்டு விலக்கிக் கட்டுங்கள். இரத்தம் நிற்கும்வரை முறுக்குகோலைத் திருப்புங்கள். வலிக்கிறதென்று கத்தினாலும் தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதுங்கள். அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்து போன்ற இடங்களில் பட்டை கட்ட முடியாது. இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் உறைய வைக்கும் மருந்து தடவிய காஸ் துணியைக் காயத்துக்குள் இறுக்கித் திணித்து, குறைந்தது 3 நிமிடம் உடல் எடையோடு அழுத்துங்கள். சாதாரணத் துணியானால் 10 நிமிடம். கழுத்திலும் துணி வைத்து அழுத்த வேண்டும், ஆனால் மூச்சுக்குழலை நெரிக்காமல். மார்பு, வயிற்றுக் காயத்துக்குள் எதையும் திணிக்காதீர்கள். மார்புத் துளைக்குக் காற்று வெளியேறும் வால்வுள்ள ஒட்டுப்பட்டை உண்டு.

பிஸ்டலில் பொருத்தாத தனி டார்ச் ஒன்று. இருட்டில் யாரென்று பார்க்கப் பிஸ்டலை நீட்டினால், வீட்டு ஆளையே குறி பார்த்ததாகிவிடும். குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளைக்கு. பிஸ்டலை இந்தப் பையில் வைக்க வேண்டாம். பை கை மாறும், யாரும் திறப்பார்கள்.

பட்டைகளை பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மடித்துத் தயாராக வையுங்கள். பழகுவதற்கு மூன்றாவதாக ஒன்று வாங்கி, அதில் பெரிதாக அடையாளம் எழுதுங்கள். பலமுறை முறுக்கிய பட்டை இழுபட்டு உடையக்கூடும், அதைப் பைக்குள் போடாதீர்கள்.