கசந்துபோன முதல் சட்டியும் அதன் பிறகு வந்த ஸ்டவுட் ஸ்டூவும்

கார்க், அயர்லாந்து

ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரை ஊற்றி மாட்டிறைச்சி ஸ்டூ வைத்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவள். எட்டு ஆண்டுகளாகக் கார்க் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மாட்டிறைச்சி எங்கள் அடுப்படிக்குப் புதியதன்று. மிளகும் தேங்காய்க்கொத்தும் சேர்த்து வறட்டுவதும், அதை மரச்சீனிக்கிழங்கோடு உண்பதும் சிறுவயதிலிருந்தே பழக்கம். அந்தத் துணிவில்தான் இந்த ஊர் ஸ்டூவை முதன்முறை வைத்தேன். அன்று வைத்த சட்டியை வீட்டில் ஒருவராலும் உண்ண முடியவில்லை.

என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். கொழுப்பும் ஜவ்வும் இல்லாத தொடைக்கறியாகப் பார்த்து வாங்கினேன். அதுதான் நல்ல கறி என்பது என் எண்ணம். ஸ்டவுட் ஸ்டூ என்று பெயர் இருக்கிறதே என்று அரை லிட்டர் டின்கள் இரண்டை முழுவதுமாக ஊற்றினேன். தண்ணீரோ எலும்புச் சாறோ சேர்க்கவில்லை. பிறகு நம் குழம்பைக் கொதிக்க விடுவதுபோலத் தளதளவென்று ஒன்றரை மணி நேரம் கொதிக்க விட்டேன். சாறு வற்ற வற்றக் கசப்பு ஏறியது. கறித்துண்டுகள் வறண்டு, மென்றபின் சக்கையாக வாயில் நின்றன. சர்க்கரை போட்டுச் சரிசெய்யலாம் என்று பார்த்தேன். இனிப்பு ஒரு பக்கமும் கசப்பு ஒரு பக்கமுமாக நாக்கில் நின்றனவே தவிர, ஒன்றை மற்றொன்று அடக்கவில்லை.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முதலில் சொன்ன செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. அவருடைய தாயார் ஒருநாளும் ஸ்டூவில் ஸ்டவுட் ஊற்றியதில்லையாம். அவர்கள் வீட்டில் ஸ்டூ என்றால் ஆட்டின் கழுத்துக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தண்ணீர், உப்பு ஆகியவை மட்டுந்தான். அயர்லாந்தின் பழைய ஸ்டூ அதுவே. இங்கே மாடு பாலுக்கும் வெண்ணெய்க்கும் விற்பனைக்கும் வளர்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இதே கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் வெண்ணெயும் கப்பல் கப்பலாக அட்லாண்டிக்கைக் கடந்து போயின, எளியவர் வீட்டு உலையிலோ உருளைக்கிழங்குதான் வெந்தது. அதைக் கேட்ட பிறகு, மாட்டிறைச்சியும் ஸ்டவுட்டும் சேர்ந்த இந்தச் சட்டியைப் பழைய ஸ்டூவின் இன்னொரு வடிவமாக நினைப்பதை விட்டுவிட்டு, தனக்கென்று ஒரு பதம் உள்ள தனிச் சமையலாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே என்னை இங்கிலீஷ் மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றார். 1788 முதல் இயங்கிவரும் அந்தக் கூரைச் சந்தையில் கறிக்கடைகள் வரிசையாக இருக்கும். அவர் காட்டியது ஷின் என்னும் கால்சதை. குறுக்கே வெட்டிய துண்டில், சிவந்த சதைக்கு நடுவே வெள்ளை நரம்புபோல ஜவ்வு கோடுகோடாக ஓடியது. நான் முன்பு வேண்டாமென்று தள்ளிய கறி அதுதான். மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் அந்த ஜவ்வில் உள்ள கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கலந்துவிடும். ஆட்டுக்கால் பாயா குடித்த பிறகு உதடுகள் இலேசாக ஒட்டிக்கொள்ளுமே, அதே ஒட்டல் இந்த ஸ்டூவிலும் இருக்க வேண்டும். தொடைக்கறியில் அந்த ஜவ்வு குறைவு. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நார் இறுகி நீர் வெளியேறுமே தவிர மென்மை வராது. ஷின் கிடைக்காதபோது கழுத்தையொட்டிய சக் என்னும் தோள்பகுதிக் கறியையும் நான் வாங்குகிறேன், அதுவும் ஏற்றதே.

இனி என் வீட்டில் இப்போது நடைமுறையில் உள்ள முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ கறியை நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய துண்டுகளாக வெட்டி, தாளால் ஒற்றி ஈரத்தை முழுவதும் எடுத்துவிடுவேன். ஈரம் இருந்தால் கறி சிவக்காது, தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். உப்பும் மிளகும் தூவி, இரண்டு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, அடிகனமான வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகச் சூடேறியபின் மூன்று தவணையாகப் பொரித்தெடுப்பேன். மொத்தக் கறியையும் ஒரே நேரத்தில் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம். ஒவ்வொரு துண்டும் மற்றதைத் தொடாமல் கிடந்து, அடிப்பக்கம் செங்கல் நிறத்தைத் தாண்டிக் கரும்பழுப்பை எட்டும் வரை திருப்பக்கூடாது. தவணைக்கு ஆறேழு நிமிடம் ஆகும். அதே சட்டியில் பெரிய வெங்காயம் இரண்டை நீளவாக்கில் அரிந்து, குறைந்த சூட்டில் இருபது நிமிடம் பொன்னிறமாகும் வரை வதக்குவேன். ஸ்டவுட்டின் கசப்புக்கு ஈடுகொடுக்கும் இனிப்பு இங்கேதான் பிறக்கிறது. பின்னால் போடும் சர்க்கரையால் அது வருவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் வெங்காயம் வதங்கும் பதத்தில் குழம்பின் ருசி இருக்கிறது என்று சொல்வார்களே, இந்தச் சட்டிக்கும் அது பொருந்துகிறது.

வெங்காயத்தோடு பூண்டு இரண்டு பல், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பச்சை வாசனை போனதும் ஸ்டவுட்டை ஊற்றுவேன். அந்த ஒரு நிமிடம் அடுப்பருகே நிற்க எனக்கு மிகவும் பிடிக்கும். நுரை சட்டியின் விளிம்புவரை பொங்கி எழும். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டச் சுரண்ட, ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் கழன்று நுரையோடு கரையும். வறுத்த காபிக்கொட்டையின் வாசனை வீடெங்கும் பரவும். அடி கருகியிருந்தால் மட்டும் அதைக் கரைக்கக்கூடாது. அந்தக் கருகல் கடைசிவரை சட்டியை விட்டுப் போகாது.

ஒரு கிலோ கறிக்கு 330 மில்லி ஸ்டவுட், 500 மில்லி உப்பில்லாத எலும்புச் சாறு என்பதே நான் கண்ட அளவு. ஸ்டவுட்டின் கசப்பு ஹாப்ஸ் என்னும் பூவிலிருந்தும், கருக வறுத்த பார்லியிலிருந்தும் வருகிறது. நீர் ஆவியாகும், கசப்பு ஆவியாகாது. முதல் சட்டியில் ஒரு லிட்டர் ஸ்டவுட்டை நான் வற்றவைத்தபோது உண்மையில் கசப்பைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எந்த ஸ்டவுட் என்பதிலும் வேறுபாடு உண்டு. டப்ளினில் 1759இல் தொடங்கிய கின்னஸ் உலகெங்கும் தெரிந்த பெயர். கார்க் நகரத்தாருக்கோ 1792இல் தொடங்கிய பீமிஷும் 1856இல் தொடங்கிய மர்ஃபிஸும் சொந்தப் பிள்ளைகள். மூன்றிலும் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில், கசப்பு மெலிந்து காபியும் எரித்த சர்க்கரையும் கலந்த சுவையுள்ள மர்ஃபிஸே ஸ்டூவுக்கு இணக்கமானது என்பேன். அம்மையார் இதை ஏற்கமாட்டார், அவருக்குப் பீமிஷ்தான்.

சாறு சேர்ந்ததும் கறியைத் திரும்பப் போட்டு, தைம் என்னும் வாசனை மூலிகை இரண்டு கிளை, பே இலை இரண்டு சேர்த்து மூடி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டரை மணி நேரம் வைப்பேன். நம் பிரிஞ்சி இலை பட்டை மரத்தின் இனம். இங்குள்ள பே இலை வேறு மரத்தினுடையது, வாசனையும் வேறு. பிரிஞ்சி இலையைப் போட்டால் சட்டி பிரியாணியை நினைவூட்டத் தொடங்கிவிடுகிறது. அடுப்பின்மேல் வைப்பவர்களுக்கு அம்மையார் சொன்ன அடையாளம் ஒன்று போதும்: ஒரு குமிழ் எழுந்து உடைந்த பிறகே அடுத்த குமிழ் எழ வேண்டும்.

கேரட்டையும், அதைப் போன்ற வெளிறிய கிழங்கான பார்ஸ்னிப்பையும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சேர்க்கிறேன். உருளைக்கிழங்கைப் பற்றி இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தீர்மானமான கருத்து உண்டு. சிவந்த தோலுள்ள ரூஸ்டர் என்னும் கிழங்கு மாவாக உடையும் வகை. அதைச் சட்டியில் போட்டால் ஓரம் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். ஆனால் ஸ்டவுட்டும் தக்காளி விழுதும் புளிப்புத்தன்மை உள்ளவை. புளிப்பில் கிழங்கு வேகத் தாமதமாகும். புளி ஊற்றிய பின் காய் வேகாது என்று நாம் சொல்வது இதுவேதான். அதனால் கிழங்கைத் தனியே வேகவைத்து, வெண்ணெயும் பாலும் வெங்காயத்தாளும் சேர்த்து மசித்து, அதன் நடுவில் குழி செய்து ஸ்டூவை ஊற்றிக்கொள்கிறோம். அந்த மசியலுக்கு இங்கே சாம்ப் என்று பெயர். என் மகளுக்கு அது போதும்; கறிகூட இரண்டாம்பட்சந்தான்.

டப்ளின், அயர்லாந்து

அக்கா எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் குக்கரைப் பற்றியும் சொல்லத் தோன்றியது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வார நாளில் இரண்டரை மணி நேரம் காத்திருக்க முடியாது. எனவே கறியையும் வெங்காயத்தையும் முறைப்படி சிவக்க வறுத்தபின், பிரஷர் குக்கரில் குறைந்த சூட்டில் நாற்பது நிமிடம் வைக்கிறேன். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுவதால் ஜவ்வு விரைவில் உருகிவிடுகிறது. ஆனால் சாறு சிறிதும் வற்றாது. மூடியைத் திறந்தால் ரசம்போல் நிற்கும். ஆகவே குக்கருக்கு மட்டும் சாற்றின் அளவைப் பாதியாகக் குறைத்து, திறந்த பின் கால் மணி நேரம் மூடாமல் கொதிக்க விடுகிறேன். ஓவனில் வைத்ததன் ஆழம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவுக்கு இது நிறைவாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். சமைத்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, சாற்றில் கலந்து அரை மணி நேரம் வெந்தால் 35 விழுக்காடும், ஒரு மணி நேரத்தில் 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்தில் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. மூடிய குக்கரில் நாற்பது நிமிடம் வைப்பது ஓவனில் இரண்டரை மணி நேரம் வைப்பதற்கு ஒப்பாகாது. என் மனைவி கருவுற்றிருந்த மாதங்களில் ஆல்கஹால் நீக்கிய ஸ்டவுட்டை ஊற்றி வைத்தேன். கறுப்பு நிறமும் வறுத்த வாசனையும் பார்லியிலிருந்து வருவதால் அவை அப்படியே இருந்தன. சட்டியில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்களுக்கு அதுவும் ஆகாது. மைதாவை மட்டும் தவிர்த்துவிட்டு, ஸ்டவுட்டே பார்லியில் ஆனது என்பதை மறந்து ஒரு நண்பருக்குப் பரிமாற இருந்தேன். நல்லவேளையாக அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுவரெலியா, இலங்கை

இங்கே ஐரிஷ் ஸ்டவுட் எளிதில் வாங்கக்கூடிய விலையில் இல்லை. லயன் ஸ்டவுட்டைக் கொண்டுதான் செய்து பார்த்தேன். அதன் வலிமை 8.8 விழுக்காடு, டப்ளின் டின்னில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. சொக்லேட்டும் கருப்பட்டியும் போன்ற இனிப்பும் அதில் உண்டு. அக்கா சொன்ன 330 மில்லியை ஊற்றியபோது ஸ்டவுட்டின் சுவையே மேலோங்கி நின்றது. அடுத்த முறை 200 மில்லியாகக் குறைத்து, தக்காளி விழுதைச் சற்றுக் கூட்டியதும் சமநிலைக்கு வந்தது. இனிப்பு ஏற்கனவே இருப்பதால் வெங்காயத்தை அவ்வளவு நேரம் வதக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்து லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் இந்தச் சமையலுக்கென்றே விளைந்தவைபோலப் பொருந்தின.

எனக்கு ஏற்பட்ட சிக்கல் வேறு. அவண் (ஓவன்) இல்லாததால் காஸ் அடுப்பில் தடித்த பாத்திரத்தில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்தும் கறி இழுபட்டது. கடைக்காரர் கிழட்டு மாட்டைத் தந்துவிட்டார் என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது: நாங்கள் இருப்பது ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில், இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிநிலை தாழ்ந்திருப்பதால் வேகும் நேரம் நீள்கிறது. இப்போது நான்கு மணி நேரம் ஒதுக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டி ஆவி வெளியேறாமல் அடைத்துவிடுகிறேன். கறி கரண்டியால் தொட்டாலே பிரிகிறது. உண்பதற்குப் பாண் (ரொட்டி) போதும்.

கார்க், அயர்லாந்து

உயரத்தைப் பற்றித் தம்பி எழுதியது எனக்குப் புதிய செய்தி. மலைப்பகுதிகளில் இருப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். மறுநாளைக்கு எடுத்து வைக்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தாராளமாக வைக்கலாம், நான் அதற்காகவே இரண்டு வேளைக்குச் சேர்த்து வைக்கிறேன். இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் சாறு களிபோல் உறைந்து நிற்கும்; ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மேலே படிந்த கொழுப்பை வேண்டுமளவு வழித்தெடுத்துவிட்டு, சிறு தீயில் கிளறாமல் சூடாக்குங்கள். கசப்பின் கூர்மையும் அதற்குள் மழுங்கியிருக்கும். உறைநிலையில் நாள்கணக்கில் வைப்பதாக இருந்தால் மட்டும் உருளைக்கிழங்கைச் சட்டியில் சேர்க்காதீர்கள். உறைந்து உருகிய கிழங்கு நீர்த்து நறநறவென்று ஆகிவிடும். உண்ணும் அன்று புதிதாக வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.