செரெட்ஸே காமா – ரூத் வில்லியம்ஸ்: திருமணத்துக்கு முன் நடந்தது என்ன?

கேள்வி:

போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரான செரெட்ஸே காமா, லண்டன் பெண்ணான ரூத் வில்லியம்ஸை மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசால் சொந்த மண்ணை விட்டு விலக்கி வைக்கப்பட்டார் என்பது வரை படித்திருக்கிறேன். ஆனால் என் கண்ணில் பட்ட கட்டுரைகள் யாவும் அந்த அரசியலைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இருவரும் சந்தித்ததையும் காதலித்ததையும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவர்கள் எங்கே சந்தித்தார்கள்? திருமணம் செய்துகொள்வதென்று எப்போது முடிவெடுத்தார்கள்? நிச்சயதார்த்தம் என்று சொல்லும்படியாக ஏதேனும் நடந்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

சந்திப்பு நிகழ்ந்தது 1947 ஜூன் மாதத்தில், லண்டனில். லண்டன் மிஷனரி சொசைட்டி என்ற கிறித்தவ சமயப் பணி அமைப்பு ஏற்பாடு செய்திருந்த ஒரு நடன நிகழ்ச்சிக்கு ரூத்தை அழைத்துச் சென்றவர் அவருடைய சகோதரி முரியல். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்திருந்த செரெட்ஸே அப்போது லண்டனின் வழக்கறிஞர் கழகங்களுள் ஒன்றான இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டத்துக்காகப் பயின்றுகொண்டிருந்தார். போர்க்காலத்தில் மகளிர் துணை விமானப் படையில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ரூத், போர் முடிந்தபின் லண்டனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார்.

கண்டதும் காதல் என்று சிலர் எழுதுவது சரியன்று. முதல் சந்திப்பில் செரெட்ஸே ரூத்தின் மனத்தில் பெரிதாக இடம்பிடிக்கவில்லை. இருவருக்கும் ஜாஸ் இசையில், குறிப்பாக 'இங்க் ஸ்பாட்ஸ்' குழுவின் பாடல்களில் இருந்த விருப்பமே அவர்களை மீண்டும் மீண்டும் சந்திக்க வைத்தது. கறுப்பினத்தவர் ஒருவரும் வெள்ளையினப் பெண் ஒருவரும் சேர்ந்து தெருவில் நடந்தாலே முறைத்துப் பார்க்கும் காலம் அது என்பதால், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நீடித்த அந்தப் பழக்கத்தில், மணந்தால் என்னென்ன பேச்சுகளைக் கேட்க நேரும் என்பதை இருவரும் முன்கூட்டியே ஓரளவு அறிந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். 1948இல் செரெட்ஸே தம் விருப்பத்தைத் தெரிவிக்க, ரூத் இசைந்தார். ரூத்தின் தந்தை அதை ஏற்கவில்லை. ஆகவே, இரு வீட்டாரும் கூடி உறுதி செய்யும் நிச்சயதார்த்தம் நடக்க வழியே இருக்கவில்லை.

மறுமொழி 2:

மேலே கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். செரெட்ஸே தம் முடிவை ஊரிலிருந்த சித்தப்பா ட்ஷெகெடி காமாவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். போட்ஸ்வானாவின் பமாங்வாட்டோ இனக்குழுவின் தலைவராயிருந்த தந்தை 1925இல் இறந்தபோது செரெட்ஸேவுக்கு நான்கு வயதுதான். அன்றுமுதல் அவருக்காகப் பமாங்வாட்டோ மக்களின் ஆட்சியை நடத்தி, பிள்ளையையும் வளர்த்தவர் அந்தச் சித்தப்பாவே. கடிதம் கண்டு கொதித்த அவர், திருமணத்தைத் தடுக்கும்படி மிஷனரி சொசைட்டியை நாடினார். இருவரையும் ஒரே கூடத்தில் சேர்த்து வைத்த அதே சொசைட்டி, பிறகு அவர்களைப் பிரிக்கவும் முனைந்தது! தேவாலயத்தில் மணம் செய்துவைக்க வேண்டிய குரு பின்வாங்கினார். லண்டன் ஆயரோ, அரசு சம்மதித்தால்தான் அனுமதிப்பேன் என்றார். காத்திருந்தால் எல்லாம் கைநழுவும் என்று உணர்ந்த இருவரும் 1948 செப்டம்பர் 29 அன்று கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டார்கள்.

மறுமொழி 3:

சித்தப்பாவை வெறும் வில்லனாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சமூகத்தில் தலைவனின் திருமணம் அவனுடைய சொந்த விஷயம் மட்டுமன்று. பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் வழியாகப் பேசி முடிக்கப்பட வேண்டியது. 'எங்களைக் கேட்காமல் எப்படி?' என்ற கேள்வியில் நிறவேற்றுமையைவிட முறை மீறப்பட்ட வருத்தமே மிகுதி. கோட்லா எனப்படும் மக்கள் பேரவை பமாங்வாட்டோ மக்களின் தலைநகரான செரோவேயில் 1948 நவம்பரிலும் டிசம்பரிலும் கூடியபோது இந்தத் திருமணத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணமும் அதுவே. ஆனால் 1949 ஜூனில் மூன்றாம் முறையாகக் கூடியபோது, செரெட்ஸேவை அவர் மனைவியோடு ஏற்பதாக ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்றனர். கேள்வி கேட்டவர் தேடும் 'நிச்சயதார்த்தம்' அதுதான் என்பேன். திருமணம் நடந்து ஒன்பது மாதம் கழித்து, மணப்பெண் இல்லாமல் நடந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மக்கள் சம்மதித்தபின்னும் பிரிட்டிஷ் அரசு அவரை ஏன் விலக்கி வைத்தது என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்த மூன்றாவது கூட்டத்தின்போது ரூத் எங்கே இருந்தார்?

மறுமொழி 3:

லண்டனில். 1949 ஆகஸ்டில்தான் அவர் செரோவே வந்து சேர்ந்தார். விலக்கி வைக்கும் ஆணையை 1950இல் பிறப்பித்தது பிரிட்டிஷ் அரசு. கலப்புத் திருமணத்தை 1949இல் சட்டம் இயற்றித் தடை செய்திருந்த அண்டை நாடான தென்னாப்பிரிக்காவைப் பகைத்துக்கொள்ள அது விரும்பவில்லை.